இடுப்பில் அரை அங்குலம்

முவாபேயின் அம்மா என்பதால் லுசாக்காவில் எங்கள் தெருவுக்கு அவள் பானா முவாபே. பள்ளிச் சீருடை தைப்பவள். மகளின் பாவாடையைத் ஒவ்வொரு பள்ளித் தவணையிலும் இடுப்பில் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தாள். பதினொரு வயதில் முப்பத்தாறு அங்குலம். உள்ளே மடித்து வைத்த துணி தீர்ந்துபோன வாரம்தான் நர்ஸ் சொன்னாள்: "சர்க்கரை விளிம்புல நிக்குது. தினம் ஒரு மணி நேரம் நடக்க வைங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம்."

பானா முவாபேயின் அக்காவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போனது. அன்றே பள்ளி வேனை நிறுத்தினாள். பள்ளிவிட்டு நாலு கிலோமீட்டர் மகள் நடந்து வர வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து டேப்பைச் சுற்றினாள். அதே முப்பத்தாறு.

மறுநாள் தையலை அப்படியே போட்டுவிட்டு, பள்ளி வாசலிலிருந்து மகளுக்குத் தெரியாமல் பின்னால் வந்தாள். முதல் திருப்பத்திலேயே ஒரு கார் நின்றது. சர்ச்சில் கூடப் பாடும் சோலா. மகள் பழக்கப்பட்டவளைப் போல ஏறி உட்கார்ந்தாள். கையில் எண்ணெய்ப் பலகாரம் வந்தது. பானா முவாபே ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள்.

"எத்தனை நாளா இது?"

"நான் செவ்வாயும் வியாழனும். மத்த நாள் வேற ஆளுங்க." சோலா குரலைத் தாழ்த்தினாள். "வேன் வைக்க முடியலைன்னா சொல்லியிருக்கலாமேடி. மாதர் சங்கத்துல உனக்கு மாவு மூட்டைக்கே பேசி முடிச்சாச்சு."

"மாவு வேண்டாம். அவ நடக்கணும்."

"இந்த வெயில்லயா? பெத்தவதானே நீ?"

"இல்லைன்னா சர்க்கரை வருமாம்."

"பிள்ளைக்கா? மெலிஞ்சா ஊர் எய்ட்ஸ்னு சொல்லும், பார்த்துக்கோ."

"சொல்லட்டும். எங்க அக்கா குண்டா இருந்தப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே." மகள் பக்கம் திரும்பினாள். "இறங்குடி."

அன்றிலிருந்து அவளும் கூட நடக்கிறாள். விட்ட தையலை விடியுமுன் எழுந்து முடிக்கிறாள். கார்கள் இன்னும் நிற்கின்றன. "வேணும்னுதான் நடக்கிறோம்" என்று ஒரு நடைக்கு நாலு முறையாவது சொல்கிறாள். இப்போது குரலில் சுரத்தில்லை. அதே பள்ளியில் படிக்கும் என் மகளை நான் காரில்தான் கூட்டி வருகிறேன். அவர்களைக் கடக்கையில் நிறுத்துவதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் பிரேக்கில் கால் தடுமாறுகிறது.

சோலா மட்டும் ஜன்னலை இறக்கிவிட்டு நடை வேகத்தில் காரை உருட்டுவாள். "ஏற வேண்டாம்டி. பேசிக்கிட்டாவது வா." பின்னால் வருகிறவர்களின் ஹார்ன் அவளுக்குக் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை மறுபடி அளந்தாள். முப்பத்தைந்தரை. நம்பாமல் இரண்டாம் முறையும் அளந்தாள்.

"இறுக்கிப் பிடிச்சியாம்மா?"

"இல்லை."

ரத்தம் பார்க்க இன்னும் பத்து நாள். பானா முவாபே வீங்கிய பாதங்களை வாளித் தண்ணீரில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"நாளைக்கு ஞாயிறும்மா. பள்ளிக்கூடம் இல்லை."

"சர்ச் இருக்குல்ல" என்றாள், கண்ணைத் திறக்காமல். "சீக்கிரம் கிளம்பணும். சோலா வர்றதுக்கு முன்னாடி."