பத்து தடவையும் பழைய ஸ்விட்ச்

போன மாதம் இதே பக்கத்தில் ஒருவரைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? வீட்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சை மாற்றினால் பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று நம்புகிற மனிதர். நிறைய பேர் சிரித்து மெயில் அனுப்பினீர்கள்.

அவர் பெயர் ஞானராஜ். நூம்பலில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் மேல் வீடு. மண்ணூர்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் பெரிய மெஷினில் இரும்புத் தகடு அடித்துவிட்டு ரிடையர் ஆனவர். பாட்டுதான் அவருக்கு உயிர்.

பத்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"நம்மளப் பத்திதான எழுதிகிறீங்க? நல்லா இருந்துச்சு சார். புது ஸ்விட்ச் பொட்டி வந்துட்ச்சு, வந்து மாட்டிக் குடுங்க."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பாராட்டினால் என்ன செய்வது? மேலே போனேன்.

எனக்குப் பிழைப்பே நெட்வொர்க் வேலை. ஸ்விட்ச் என்பது இன்டர்நெட் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு பெட்டி. டேட்டா வந்தால் பாட்டு வரும், வராவிட்டால் நின்றுபோகும் — இதில் இனிமை எங்கிருந்து வரும்? ஸ்பீக்கர் வயர், நெட்டிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர், கேபிள் எல்லாவற்றையும் ஏற்கெனவே மாற்றிவிட்டார். கடைசியில் இது.

"அண்ணே, ஒரு டெஸ்ட் வெப்போம். நீங்க திரும்பாம உக்காருங்க. நான் பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போடுறேன். எதுன்னு சொல்லுங்க."

"ஓ, வெச்சிக்கலாமே! இந்தப் பாட்டு ஆரம்பத்துல குட்டியா ஒரு மணி அடிக்கும் சார். ரெண்டு வருசமா அது காணோம். மணி கேட்டா புதுசு, கேக்கலன்னா பழசு."

ஸ்ட்ரீமிங்கில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை வைத்தார். நான் அவருக்குப் பின்னால் ஒரு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அடுத்த பத்திக்கு விஷயம் கிடைத்த குஷி வேறு!

முதல் தடவை. "பழசு."

இரண்டாவது. "பழசு."

மூன்றாவது, நான்காவது... பழசு, பழசு. அதில் பாதி புதுசு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டே வந்தேன். பத்தாவது முறையும் அவர் தலையை ஆட்டி, "பழசுதான் சார், மணி வர்ல" என்றபோது, அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க சொல்றீங்க? எல்லா தபாவும் அடிக்குதே... எனக்கு இங்கேந்தே கேக்குது."

எனக்கும் கேட்டது. பத்து தடவையும் கேட்டது. ஆனால் நான் மார்க் போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஞானராஜ் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "அடிச்சிதா சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். "அடிச்சுதுண்ணே" என்றேன்.

இரண்டு நாள் கழித்து பூந்தமல்லியில் ஒரு காது டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல் பட்டன் மேலேயே இருந்தது. வெகுநேரம் அது அசையவே இல்லை.

"மிஷின் சத்தத்துக்குக் காதுல ஏதாவது வெச்சிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பஞ்சு குடுத்தாங்க டாக்டர். வெச்சா சூப்பர்வைசர் கூப்புடறது கேக்காது. திட்டுவான். அதான் வெக்கல."

உச்ச ஸ்தாயி சத்தங்கள் போனது போனதுதான், காது மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும் என்றார் டாக்டர். திரும்பும்போது மெட்ரோ வேலையில் டிராஃபிக் நின்றுவிட்டது. ஞானராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அப்போ மணி பாட்டுலயேதான் இருக்குதா சார்?"

"ஆமாண்ணே."

"பாட்டுலதான் இன்னாமோ கெட்டுப் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."



இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறார். பேசினால் புரிகிறது. பாட்டு மட்டும் "தகரத்துல தட்டுறா மாறி கீது" என்கிறார். ஸ்பீக்கர்கள் மேல் பெட்ஷீட் போர்த்தியாயிற்று.

நேற்று மேலே போனேன். அவர் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். சமையலறையில் ஸ்டெல்லா அக்கா போனில் இயர்போன் மாட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று கழற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"அவுரு எதுர்ல கேக்கறதுக்கு மனசு வர்ல தம்பி. சொல்லிடாத."

ஸ்விட்ச் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.