மகளின் சைக்கிளை நானே முடுக்கினேன்

பிள்ளைக்கு முதல் சைக்கிள் எங்கே வாங்கலாம் என்று நான் கேட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். டீ நேரம் முடிவதற்குள் பணிமனை முழுக்க அதே பேச்சாகிவிட்டது. நெய்வேலியில் ஒரு கேள்வி கேட்டால் பத்து மாவட்டத்திலிருந்து பதில் வரும். மதுரைப் பக்கத்து ஆள், "கடலூருக்குப் போங்க, பெரிய ஷோரூம், ஏசியில நின்னு பாக்கலாம்" என்றார். நாகர்கோவில்காரர் போனை எடுத்து ஆன்லைனில் படம் காட்ட ஆரம்பித்தார். மூத்தவர் ஒருவர், "புதுசு என்னத்துக்கு? எங்க பிளாக்குல ஒருத்தர் ரிட்டையர் ஆயி குவார்ட்டர்ஸ் காலி பண்றாரு. பேரன் ஓட்டுன சைக்கிள் கெடக்கு. கேட்டா சும்மாவே குடுப்பாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எம் பொண்ணோட மொத சைக்கிளுங்க அது. அடுத்தவங்க காலி பண்ணிட்டுப் போறத அவ ஏன் ஓட்டணும்?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டவுன்ஷிப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படி வந்த சைக்கிளில்தான் பழகுகிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் கோபம் அப்படி. முதலில் வாய் போய்விடும், புத்தி பின்னால் நடந்து வரும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சுரங்கப் பணிமனையில் ஃபிட்டர். பதினான்கு வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். ஐடிஐயில் என் செட்டில் இரண்டே பெண்கள், அதில் நான் ஒருத்தி. நான் ஃபிட்டர் என்று சொன்னால் ஜனங்கள் உடனே என் கணவர் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதோ நான் அவர் வேலையைச் சொல்கிற மாதிரி. அவர் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் நான், மகளுக்குத் தலை பின்ன அவர். எங்களுக்குள் இதில் ஒரு தகராறும் கிடையாது. தகராறெல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்குத்தான்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் எங்கள் தெருவில் பிள்ளைகள் வரிசையாக சைக்கிள் ஓட்டுவார்கள். அகலமான ரோடு, வண்டி அதிகம் வராது. என் மகள் மட்டும் அவர்கள் பின்னால் ஓடுவாள். "ஒரே ஒரு ரவுண்டு குடேன், ஒரே ஒரு ரவுண்டு" என்று கேட்டுக்கொண்டே ஓடுவாள். ஷிப்டு முடிந்து வந்து கேட்டைத் திறக்கும்போது அந்தக் குரல் காதில் விழும். எனக்குச் சொந்தமாக சைக்கிள் கிடைத்தது பதினொன்றாம் வகுப்பில், பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தபோதுதான். என் பிள்ளை அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கடைசியில் கணவர் சொன்ன கடைதான் சரிப்பட்டது. அவர் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில், குள்ளஞ்சாவடி கூட்டு ரோட்டில் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, மகள் பிறந்த நாளன்று திடீரென்று கொண்டுவந்து நிறுத்தலாம் என்று திட்டம். பாய் ஒரே வார்த்தையில் அதைக் கெடுத்தார்.

"பாப்பா வரலியாம்மா? பாப்பாவ இட்டுனு வாங்க. ஓட்டுற புள்ள இல்லாம நான் சைக்கிள் குடுக்கறதில்ல."

முனகிக்கொண்டே திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். நான் இருபது இன்ச் சைக்கிளைக் காட்டினேன். வளர்கிற பிள்ளை, சட்டையே ஒரு அளவு கூடத்தானே எடுக்கிறோம்? பாய் மகளை அதன் மேல் உட்கார வைத்து அவள் காலைக் காட்டினார். பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. பதினாறு இன்ச்சில் உட்கார வைத்தார். இரண்டு பாதமும் பொத்தென்று தரையில் உட்கார்ந்தன. "அடுத்த வருஷப் புள்ளைக்கு அடுத்த வருஷம் வாங்கலாம்மா. இந்த வருஷப் புள்ளைக்கு இதுதான்" என்றார். மகள் அந்த நீல நிற சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தவள் விடவில்லை. அத்தோடு பேச்சு முடிந்தது.

சைக்கிள் முழுசாக மாட்டப்படாமல் இருந்தது. பாய் என் கணவரைப் பார்த்து, "சார், ஒரு மணி நேரம் உக்காருங்க, ஃபிட்டிங் பண்ணிக் குடுத்துடறேன்" என்றார்.

"நானே மாட்டிக்கிறேங்க. நான் ஃபிட்டர்" என்றேன். அவர் மறுபடி என் கணவரைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் என் பேச்சு கம்மாபுரத்துக்கே போய்விடும், பிறந்த ஊர் அதன் பக்கம்தான். "ஏங்க, அவர ஏன் பாத்துனு இருக்கீங்க? மைன்ஸ்ல மிஷின கழட்டி மாட்டறவ நான். இத மாட்ட மாட்டேனா?"

பாய் சிரித்தார். "தாராளமா மாட்டுங்கம்மா. ஆனா இது மைன்ஸ் மிஷின் இல்ல. கை மெதுவா இருக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் வராந்தாவில் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு நட்டையும் பணிமனையில் செய்கிற மாதிரியே முடுக்கினேன். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முடுக்கி முடித்ததும் நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். மகளின் சைக்கிளிலும் எல்லா நட்டுக்கும் கோடு போட்டேன். ஹேண்டில் கழுத்தில் மட்டும் லேசாக ஆட்டம் இருப்பதாகத் தோன்றியது. என் பெரிய ஸ்பேனரைப் போட்டு, உடம்பு பாரத்தைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஆட்டம் நின்றது. ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன், திரும்பியது. கோடு போட்டேன். கர்வமாக இருந்தது, மறைப்பானேன்? தெருவில் எந்தப் பிள்ளையின் சைக்கிளையும் அதன் அம்மா மாட்டியதில்லை.

அன்று சாயங்காலம் தெருவே பார்க்க மகள் ஏறினாள். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சக்கரம் இருந்ததால் சாய்கிற பயம் இல்லை. நேராக நன்றாகப் போனாள். தெருமுனை வளைவு வந்தது. அவள் திரும்பவில்லை. நேராகப் போய் மூலை வீட்டு வேலிச் செடிக்குள் புகுந்தாள்.

தூக்கி நிறுத்தினேன். மறுபடி போனாள், மறுபடி வேலி. மூன்றாம் முறை நான் கூடவே ஓடினேன். "திருப்பு! ஹேண்டில திருப்புடி! நேரா எங்க போற? கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினேன். "திருப்பறேம்மா" என்றாள். "எங்க திருப்புற? கையில தெம்பு இல்லியா? இத்தன பேரு ஓட்டறாங்க, உனக்கு மட்டும் ஏன் வரல?" மூலை வீட்டு அம்மா கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மகள் அழவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. அவள் அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு சைக்கிள் வராதுப்பா. எனக்குக் கை சரியில்ல" என்றாள். சொல்லிவிட்டு, பழையபடி மற்றவர்கள் பின்னால் ஓடக்கூடப் போகாமல் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஏழு வயசு, தெருவில் அவளை மிஞ்சி ஓட்ட ஆளில்லை. "ஆன்ட்டி, சும்மாதானே நிக்குது, நான் ஒரு ரவுண்டு ஓட்டவா?" என்றாள். மகளைக் கேட்டேன், தோளைக் குலுக்கினாள். எதிர்வீட்டுப் பெண் பறந்தாள். வளைவு வந்தது. அவளும் நேராகப் போய் அதே வேலிக்குள் விழுந்தாள்.

முட்டியைத் தட்டிக்கொண்டே வந்து, "என்ன ஆன்ட்டி இது? ஹேண்டில் திரும்பவே மாட்டேங்குது!" என்றாள்.

முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டிலை இரண்டே விரலால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு நாளும் நான் இதைச் செய்து பார்க்கவே இல்லை. அன்று திருப்பிப் பார்த்தது என் கை, பதினான்கு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய கை. அதற்கு எல்லாமே திரும்பும். நான் உடம்பு பாரத்தோடு இழுத்ததில் கழுத்துக்குள் இருக்கிற பேரிங் குண்டுகள், அவை உருளுகிற கப்பில் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது. நட்டைத் தளர்த்தினேன், அப்போதும் நடுவில் ஓர் இடத்தில் முட்டுக் கொடுத்த மாதிரி நின்றது. மஞ்சள் கோடுகள் மட்டும் ஒன்றுகூட விலகாமல் ஜம்மென்று இருந்தன.

பணிமனையில் ஒரு வேலை கெட்டுப்போனால் முதலில் வருகிற கேள்வி, "யார் கை?" என்பதுதான். செய்தவர் முன்னால் வந்து "என் கை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் திட்ட மாட்டார்கள், வேலையைப் பார்ப்பார்கள். மறைத்தால் மதிப்பு போச்சு. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், தலை நிமிர்ந்துதான் சொல்லியிருக்கிறேன். இந்த ஆறு வயசுப் பிள்ளை முன்னால் போய் நிற்பதற்கு எனக்குக் கால் வரவில்லை.

டிவியை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "சைக்கிள்ல தப்பு இருக்கு. ஹேண்டில அம்மா ரொம்ப டைட்டா முடுக்கிட்டேன். உன் கையில ஒண்ணும் இல்ல. தப்பு என் கை" என்றேன்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் திருப்புனேனா?"

"ஒழுங்காத்தான் திருப்புன."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"அப்ப ஏம்மா என்னத் திட்டுன?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வழியெல்லாம் எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. பாய் கழுத்தைப் பிரித்து கப்பை விரலால் தடவிப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள், "நான்தாங்க முடுக்குனேன். மெதுவா இருக்கட்டும்னு நீங்க சொன்னீங்க, நான் கேக்கல" என்றேன். இந்த முறை அவர் என் கணவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் புதுக் கப்பும் குண்டும் கொண்டுவந்தார். ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீங்களே மாட்டுங்கம்மா. சரியா இருக்கான்னு பாப்பா சொல்லட்டும்."

முதல் தடவை முடுக்கினேன். மகள் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "டைட்டு" என்றாள். தளர்த்தினேன். "இன்னும் டைட்டு." தளர்த்தினேன். "இப்ப லொடலொடங்குது." பொடிசு, சூப்பர்வைசர் தோற்றுப்போவார். கடைசியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், போதும்" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது யாராவது பிள்ளைக்கு எங்கே சைக்கிள் வாங்கலாம் என்று கேட்டால் நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. தப்பு செய்துவிட்டுத் திரும்பிப் போனாலும் முகம் கொடுத்துப் பேசுகிற கடையில் வாங்குங்கள் என்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் எல்லோரும் இருந்தார்கள். மகள் யாரையும் பார்க்காமல் ஏறினாள். நான் கூட ஓடவில்லை. கத்தவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றேன். வளைவை நெருங்கும்போது மூலை வீட்டு அம்மா, "பாத்துப் போ கண்ணு, அன்னிக்கு மாதிரி விழுந்துடப் போற" என்றார்.

என் மகள் பிரேக் பிடித்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு நான் கரெக்டாத்தான் ஆன்ட்டி ஓட்டுனேன். எங்கம்மா ஹேண்டில ரொம்ப டைட் பண்ணிட்டாங்க. இப்ப அவங்களே கழட்டி மாட்டிட்டாங்க. எங்கம்மா ஃபிட்டர்!"

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. மகள் பெடலை மிதித்து, வளைவில் திரும்பி, அடுத்த தெருவுக்குள் போய்விட்டாள்.