ஒட்டகத்துக்கு எட்டாத கொழுந்து

அல் ஐன் செல்லும் சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு, டிரைவர் முருகேசன் அண்ணன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்து மரத்தடியில், கறுப்பு அபாயா அணிந்த அமீரகப் பெண்மணி ஒருவர் கிளையை நோக்கிக் கையை உயர்த்தி உயர்த்திப் பார்க்கிறார். எட்டவில்லை. ஒட்டகங்கள் கழுத்தை நீட்டி மேய்ந்த உயரம் வரை ஓர் இலைகூட மிச்சமில்லை.

அண்ணனையும் கிளீனரான என்னையும் கண்டதும் இந்தியில் கேட்கிறார். "பாய், கொஞ்சம் கொழுந்து பறிச்சுத் தர்றீங்களா? கிளையை ஒடிச்சிடாதீங்க. எங்க அம்மா நாலு நாளா சாப்பாட்டையே தொடல. சின்ன வயசுல சோத்தோட தின்ன இந்த காஃப் மரத்து இலைதான் வேணுமாம்."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறார். "டேய் தம்பி, இது நம்ம வன்னி மரம்டா! கோயில்ல சுத்தி வருவோமே, அதேதான். பூட்ஸைக் கழட்டிட்டு ஏறு."

லாரியை மரத்தடிக்கு நகர்த்துகிறார். வெறுங்காலோடு கேபின் மேல் ஏறுகிறேன். தகரம் சுடுகிறது, முள் கீறுகிறது. நுனிக் கொழுந்தாகக் கிள்ளித் துண்டில் முடிந்து கொடுக்கிறேன்.

அவர் போனில் அம்மாவை அழைத்து இலைகளைக் காட்டுகிறார். திரையில் தெரியும் ஒடுங்கிய முகம் இலைகளை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. அரபியில் ஏதோ கேட்கிறது.

"என்ன சொல்றாங்க மேடம்?"

"வெயில்ல ஏறின பிள்ளை சாப்பிட்டானான்னு கேக்குறாங்க."

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க. அவங்க ஒரு வாய் வச்சதும் நானும் சாப்பிடுறேன்."

மகள் சொல்கிறார். அந்த அம்மா சற்று யோசிக்கிறார். பிறகு, "யல்லா, யல்லா!" என்று மகளை விரட்டுகிறார். சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டுமாம், பிள்ளை பசியோடு நிற்கிறானாம்.