குண்டலுபேட்டையில் நிற்காத வேன்

மைசூரிலிருந்து ஊட்டிக்கு எந்த வழியில் போகலாம் என்று கேட்டு மாதம் ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள். நேர்வழி ஒன்றுதான் ஐயா. நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை, பந்திப்பூர், அப்புறம் மலை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். உண்மையில் அந்தச் சாலையைப் பற்றி எழுதவே எனக்கு மனம் வராது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை அதில் போய்வந்த கதையைச் சொன்னால்தான் மற்றதையும் சொல்ல முடியும். சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் ஒரு மெட்டடார் வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி கேட்டு வருகிறவர்கள் பிரேக் பிடிக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டு எப்படி என்பதுதான் முதல் கேள்வி. டேஷ்போர்டில் இருந்த கேசட் டெக்கின் பாட்டோ எஞ்சின் சத்தத்தில் முங்கிப்போகும். இரண்டு கல்யாண வாடகை கைநழுவிப் போனதும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அசோகா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாகராஜு என்ற கார் எலக்ட்ரீஷியனின் கடை. பயணத்துக்கு முந்தின வாரம் அங்கே வேலை நடந்தபோது நானும் டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுக்கு அடியில் பேட்டரி. அதிலிருந்து தடிமனான சிவப்பு வயர், அதில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். ஆம்ப்ளிஃபயர் கடைசி சீட்டுக்கு அடியில் உட்கார்ந்தது. அதன் எர்த் வயருக்காக பாடியில் பெயிண்டைச் சுரண்டி போல்ட் போட்டார். பாட்டு போகும் வயரைச் சிவப்பு வயரோடு சேர்க்காமல் எதிர்ப்பக்கமாக இழுத்தார். சேர்த்தால் எஞ்சின் உறுமல் பாட்டில் கேட்குமாம். குறை சொல்ல முடியாத வேலை.

எல்லாம் முடித்து, தரையில் விரித்த ரப்பர் மேட்டையும் திருகி மூடிய பிறகுதான் ஒரு வயரை மறந்தது தெரிந்தது. டெக்கைப் போட்டால் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் தானாக ஆன் ஆக வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய வயர் தேவை. மறுபடி மேட்டைக் கழற்ற யாருக்குப் பொறுமை? கூரை வழியாகப் பின்னாலிருந்து முன்னுக்கு ஏற்கெனவே ஒரு மெல்லிய வயர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி சீட்டில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் டிரைவர் காதருகே அடிக்கும் பெல்லின் வயர் அது.

"யாரு சார் இப்ப பெல் அடிக்கிறது? இதையே எடுத்துக்கிட்டா ஒந்து வயர் மிச்சம். மேட்டும் பிரிக்க பேடா" என்றார் நாகராஜு, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் கலந்து.

"எடுத்துக்கோப்பா. நிறுத்தணும்னா பாடியைத் தட்டினாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அது ஒன்றும் புதிதில்லை. லாரி, டெம்போ எதுவானாலும் பின்னால் இருக்கிறவர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் டிரைவர் ஓரங்கட்டுவார். எனக்கும் அப்போது தப்பாகத் தோன்றவில்லை. வயர் போய்விட்டாலும் பெல்லின் சிவப்புப் பொத்தான் மட்டும் ஜன்னலோரத்தில் அப்படியே இருந்தது.

ஊட்டிக்குப் போனது அம்மாவுக்காக. எங்களோடு மைசூரில் இருந்த அம்மா அதுவரை மலையேறியதே இல்லை. அம்மாவுக்கு ஒரே தங்கை, சரசு சித்தி. அனூர் பக்கத்தில் பிறந்த இருவரில் சித்தி வாழ்க்கைப்பட்டது குண்டலுபேட்டையில். தன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்காமல், சித்தி பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்த அக்காவுக்குத் தபாலில் பத்திரிகையா? அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. முகூர்த்தத்தில் அக்கா இல்லாதது சித்திக்குப் பெரிய அவமானம். ஐந்து வருஷம் இவள் வாசலை அவள் மிதிக்கவில்லை, அவள் வாசலை இவள் மிதிக்கவில்லை.

நாங்கள் கிளம்பும் வாரத்தில், குண்டலுபேட்டையிலிருந்து தேவராஜா மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுவரும் மாதம்மா ஒரு சேதி கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி மைசூர் ரோட்டுப் பெட்டிக்கடைகிட்ட நிப்பாங்களாமுங்க. சோறு கட்டிக்கிட்டு வருவாங்களாம்."

சித்தி கெட்டிக்காரி. சாலை யார் வீட்டு வாசலும் இல்லை. அங்கே சந்தித்தால் யாரும் இறங்கி வந்ததாக ஆகாது. அம்மா மாதம்மாவுக்குப் பதிலே சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு தூக்கு நிறையக் கச்சாயம் சுட்டாள். சித்திக்கு உயிரான பலகாரம் அது.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அவ வராம போயிட்டா எனக்கில்ல கேவலம்? நின்னான்னா அப்ப நிறுத்தச் சொல்லிக்கலாம்" என்றாள். நானும் சரி என்றேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வேனில் பதினோரு பேர்: நாங்கள், அம்மா, என் நாத்தனார் குடும்பம், நடு சீட்டுகள் நிறைய அவர்கள் வீட்டுக் குழந்தைகள். அம்மா கடைசி சீட்டில் இடது ஜன்னலோரம், மடியில் தூக்கு, பக்கத்தில் நான். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் நஞ்சன்கூடு, அங்கே இட்லி. அதுவரை பாட்டு அளவாகத்தான் இருந்தது. சாப்பிட்ட தெம்பில் இவர் சத்தத்தைக் கூட்டினார். பாட்டு பிரமாதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒவ்வொரு தாளத்துக்கும் சீட்டு அதிர்ந்தது.

அறுபதாவது கிலோமீட்டர் குண்டலுபேட்டை. ஏழே முக்கால் இருக்கும். பெட்டிக்கடைக்கு முன்னால் மாம்பழ நிறச் சேலையில் சித்தி நின்றிருந்தாள், கையில் கூடை. அம்மா பார்த்துவிட்டாள். ஐந்து வருஷக் கோபம் அந்த முகத்தில் துளி இல்லை.

"சரசு நிக்கிறா. பெல்லை அடி கண்ணு, அடி."

செத்த பெல் என்று தெரிந்தும் என் விரல் அந்தப் பொத்தானுக்குத்தான் போயிற்று. அப்புறம் தகரத்தைத் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். நடு சீட்டுக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. அத்தை தாளம் போடுகிறாள் என்று அவற்றுக்கு ஒரே குஷி. அவையும் சேர்ந்து தகரத்தைத் தட்ட ஆரம்பித்தன. முன்னால் இருந்தவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார், பாட்டை இன்னும் கூட்டினார். வேன் சித்தியைத் தாண்டிப் போயிற்று. அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நில்லு, நில்லு என்று ஆட்டிக்கொண்டே போனாள்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் என் குரல் முன்னால் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஊர் தாண்டி நான்கு கிலோமீட்டர்.

"நீங்க ஜாலியா தாளம் போடறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் இவர். விஷயம் தெரிந்ததும் முகம் செத்துவிட்டது. அங்கேயே வண்டியைத் திருப்பினார்.

பெட்டிக்கடையில் சித்தி இல்லை. கூடையில் இருந்த சோற்றை பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கடைக்காரர் சொன்னார்.

"வீடு பக்கந்தானே அத்தை, போயிரலாம் வாங்க" என்றார் இவர்.

"வேண்டாம் மாப்பிள்ளை. ரோட்டுல நின்னவளைத் தாண்டிப் போயிட்டு, இப்ப வாசல்ல போயி நின்னா கதவைச் சாத்துவா. நானா இருந்தாலும் சாத்துவேன். நீங்க ஊட்டிக்கே போங்க."

போனோம். பந்திப்பூரில் யானைக் கூட்டம் நின்றதாகக் குழந்தைகள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊட்டிப் பூங்காவில் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்த வாரம் மாதம்மா வந்து சொன்னாள்: "பாட்டைப் போட்டுக்கிட்டு, எனக்கு டாட்டா காட்டிட்டுப் போனாங்கன்னு உங்க தங்கச்சி அழுவுறாங்க." அம்மா நில்லு என்று காட்டிய கை அங்கே டாட்டாவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பெல் வேலை செய்யவில்லை, தட்டியது கேட்கவில்லை என்று மாதம்மாவிடமே சொல்லி அனுப்பினோம். இவரும் மனசு கேட்காமல் அந்த வாரமே நாகராஜுவிடம் போய், புது வயர் இழுத்து பெல்லைச் சரிசெய்துவிட்டார். வினை அதில்தான் வந்தது. சேதியைச் சொல்லும் முன்பே ஒருநாள் மாதம்மா பூக்கூடைகளோடு எங்கள் வேனில் குண்டலுபேட்டைக்குப் போனாள். இறங்கும் இடம் வந்ததும் பொத்தானை அழுத்தினாள். பெல் கணீரென்று அடித்தது. அதையும் சேர்த்தே சித்தியிடம் சொன்னாள். அப்புறம் யார் நம்புவார்கள்? நான் நேரில் போய்ப் பேசுகிறேன் என்றதற்கு, "சாகு, விடு" என்று, போதும் என்பதைக் கன்னடத்திலேயே சொல்லி, அம்மா தடுத்துவிட்டாள்.

சரி, போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பந்திப்பூர் காட்டுச்சாலை இப்போது இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை மூடியிருக்கும். அதற்கேற்ற மாதிரி கிளம்புங்கள். காலைச் சாப்பாட்டை நஞ்சன்கூட்டில் முடியுங்கள், டீசலைக் குண்டலுபேட்டையில் போடுங்கள். மசினகுடி வழி தூரம் குறைவுதான், ஆனால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு; பழகாதவர்கள் கூடலூர் வழியே போங்கள். வண்டியில் ஆம்ப்ளிஃபயர் போடுவதாக இருந்தால் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை கூடும், அவ்வளவுதான். இருக்கிற பெல்லை வெட்டாதீர்கள். ஊர் வந்தால் பாட்டைக் குறையுங்கள். பின்னால் இருப்பவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

அம்மா இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை, சித்தி வந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, வாசலில் நின்ற வேனைப் பார்த்து, "அன்னிக்கு அவ எங்கே உக்காந்திருந்தா?" என்று கேட்டாள். கடைசி சீட்டைக் காட்டினேன். ஏறி அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"கையை எப்படிக் காட்டுனா?"

காட்டினேன். அன்று அம்மா சொன்னதையும் சொன்னேன்: பெல்லை அடி கண்ணு, அடி. கச்சாயம் சுட்டதையும், அன்று பெல் செத்துக் கிடந்து பிறகுதான் சரிசெய்ததையும் சொன்னேன்.  சித்தி திரும்பி அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். காலி வண்டியில் பெல் அடித்தது. சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த இவர் எங்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். சித்தி விரலை எடுக்கவில்லை.