குழாயில் வரும் முதல் பாட்டு

மால்மோவில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் ஒரு கொடிமரம் இருக்கிறது. வந்த புதிதில் ஒருநாள் கொடி பாதியிலேயே தொங்குவதைப் பார்த்தேன். கயிறு சிக்கிவிட்டது போலும் என்று நானே இழுத்து உச்சிக்கு ஏற்றினேன். கீழ்வீட்டு பிர்கித்தா பதறி ஓடிவந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். "ஹால்வ் ஸ்டோங்," என்றார். அரைக்கம்பம். மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்துவிட்டாராம். அசடு வழியக் கொடியை மறுபடி இறக்கிக் கட்டினேன். சுவீடனில் சாவு இப்படித்தான், சத்தமில்லாமல் வரும். எங்கள் பக்கத்து ஆளுக்கு அது பழக நாளாகும்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் துக்கத்தைச் சொல்வது பாட்டுதான். உயிர் போன வீட்டுக்கு உறவு வருகிறதோ இல்லையோ, ரேடியோ செட் வந்துவிடும். வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியதும் முதலில் ஒரு பழைய பாடகரின் குரல்தான் எழும். அதுவும் எப்போதும் அதே பாட்டு. அவர் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் அவர் பாடாமல் எங்கள் ஊரில் யாரும் கடைசிப் பயணம் போனதில்லை. பருத்திக் காட்டில் நிற்கும்போது காற்றில் முதல் வரி வந்தால் போதும். எடுத்த பருத்தியோடு மடியை முடிந்துகொண்டு எல்லோரும் வரப்பேறுவார்கள். "யாரு வீட்டுலன்னு தெரியலையே," என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் யாராவது தவறிப்போய் அதைப் போட்டால் செட்டுக்காரர் அடி வாங்காமல் ஊர் திரும்ப முடியாது.

அந்தப் பாட்டைத்தான் போன மாதம் என் மகள் கயல் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். சென்னைப் பையன்கள் சிலர் கிடார் வைத்துப் புதிதாகப் பாடியிருக்கிறார்களாம். அதைக் கேட்டுவிட்டு, பழைய பதிவைத் தேடிப்பிடித்து, அவரைப் போலவே மூச்சு விடாமல் இழுக்கப் பழகியிருந்தாள். பள்ளி விழாவில் பாடப் போகிறாளாம். "வேற பாட்டே கிடைக்கலையா?" என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "ஆனா அழகா இருக்கேப்பா," என்றாள்.

என் கோபம் பாட்டின் மேல் இல்லை. ஊரில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். எனக்கோ வேலை அனுமதி நீட்டிப்பு இன்னும் வரவில்லை. தாராளமாகப் போகலாம், ஆனால் முடிவு வருவதற்குள் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. கயலின் படிப்பு, வீடு, வேலை எல்லாம் இந்தப் பக்கம். மிக்ரேஷன்ஸ்வெர்கெட் என்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண் கனிவாக, "காத்திருங்கள்," என்கிறாள். அப்பா காத்திருப்பாரா என்று கேட்டேன். அவரும் விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேட்டாள். கதவில் பூட்டே இல்லாத சிறை இது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா பேசினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "தாயி, ஒரு பாட்டுப் படி," என்றார். கயல் என்னைப் பார்த்தாள். பாடாதே என்று கண்ணைக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். எந்தப் பாட்டை நான் தடுக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

"அதுக்கு ஏன்ப்பா புள்ளைய மறிக்கிற? படிக்கட்டும். எனக்குப் போடுற அன்னைக்கு நான் எந்திரிச்சா கேக்கப் போறேன்?"

அவள் பாடினாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் இருந்த பங்காளி முருகேசன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான். பாடி முடித்ததும் அப்பா, "அதப் பாடுனவுகளைவிட நீ நல்லாப் படிக்கிற," என்றார். அது பச்சைப் பொய். ஆனாலும் கயலுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அனுமதி இன்னும் வரவில்லை. நேற்று காலை முருகேசனின் அழைப்பு வந்தது. எடுத்தேன். "ஏலே..." என்றான். அவனுக்குப் பின்னால் குழாயில் முதல் வரி போய்க்கொண்டிருந்தது. கால்கள் தாமாகவே கதவு வரை போய் நின்றுவிட்டன. சன்னலுக்கு வெளியே கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் யாரும் சாகவில்லை. உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்த கயலுக்கு என் கைப்பேசியிலிருந்து பாட்டு மட்டும் கேட்டிருக்கிறது. இரண்டாம் வரியை அவள் சந்தோஷமாக எடுத்துப் பாடினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. கைப்பேசியை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.