திரைக்கு இந்தப் பக்கம் எழுதிய வாக்குமூலம்

1934ஆம் ஆண்டு ஜூலை 9, திங்கட்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளித்து, காபி குடித்துவிட்டு ஆபீஸ் அறையைத் திறந்தேன். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே எங்கள் வீட்டின் முன்னறைதான் என் ஆபீஸ். டைப்ரைட்டரின் மேலிருந்த துணியை மடித்து வைத்தேன். எழுத்துகளில் அப்பியிருந்த மையைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு அன்றைய வழக்குக் கட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன். என் கட்டு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும். அடுத்து என்ன செய்யவேண்டும், யார் செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுதியிருப்பேன். ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு வருவதாக ஒப்புக்கொள்வதில்லை என்பது, வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட நாள் முதல் என் விதி. இதையெல்லாம் பார்த்துக் கோர்ட்டில் சிரிப்பவர்கள் உண்டு. "டைப் அடிக்கிற மாமி" என்று எனக்குப் பெயர்.

அன்று கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. கச்சேரி ரோட்டை அடுத்த ஒரு சந்தில், கட்சிக்காரர் வீட்டிலேயே விசாரணை.

கட்சிக்காரர் ஒரு முஸ்லிம் பெண்மணி. கணவர் அத்தர் வியாபாரி. இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் கட்டிய வீட்டில் அவரும் கணவருடைய அண்ணன் குடும்பமும் இருந்தார்கள். அந்த வீட்டை அந்த அம்மாள் தனக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாக அந்த அண்ணன் ஒரு பத்திரம் காட்டினார். அதில் இருந்த கைரேகை என் கட்சிக்காரருடையதுதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. வீட்டு வரிக் காகிதம் என்று சொல்லி வாங்கிய ரேகை அது, யாரும் படித்துக் காட்டவில்லை என்பதுதான் எங்கள் வழக்கு. கோஷாவில், அதாவது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள், இருக்கும் பெண்ணிடம் பத்திரம் வாங்குகிறவர், அது அவளுக்குப் படித்துச் சொல்லப்பட்டது, அவள் புரிந்துகொண்டாள் என்று நிரூபிக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே "யாரும் படித்துக் காட்டவில்லை" என்ற மூன்று வார்த்தைகள் வாக்குமூலத்தில் ஏறினால் அவருக்கு வீடு உண்டு. ஏறாவிட்டால் தெருதான்.

கோஷாப் பெண்கள் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. ஜட்ஜ் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிப்பார். அவர் வீட்டுக்குப் போய், திரைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் பதிலை எழுதிக்கொண்டு வருவார். சில வீடுகளில் குரலும் அந்நிய ஆண்கள் காதில் விழக்கூடாது. அப்போது உறவுக்காரர் ஒருவர் திரையருகே உட்கார்ந்து பதிலை வாங்கி உரக்கச் சொல்வார். எங்கள் பக்கம் அதைச் செய்ய, ஆற்காட்டிலிருந்து அந்த அம்மாளின் தம்பி வருவதாக ஏற்பாடு. காலை வரவேண்டிய வண்டியில் அவர் வரவில்லை.

கமிஷனர் வக்கீலாகிச் சில வருஷமே ஆன இளைஞர். ஒரு பெரிய வக்கீலின் மாப்பிள்ளை. அவருக்குக் கமிஷன் வேலை வாரந்தோறும் வரும். என்னைப் போன்ற ஒருத்திக்கு இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. திரைக்கு அந்தப் பக்கம் தாராளமாகப் போய் உட்காரக்கூடியவள் பெண் வக்கீல் ஒருத்திதானே என்று ஒருமுறை கோர்ட்டில் கேட்டேன். "யோசிக்கவேண்டிய விஷயம்" என்றார்கள். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"தம்பி வரட்டும், நாளைக்கு வைத்துக்கொள்வோம்" என்றேன்.

கமிஷனர் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். "சாரி மாமி. எனக்கு இன்னிக்கே இன்னும் ரெண்டு கமிஷன் இருக்கு. ஒண்ணு திருவல்லிக்கேணி, ஒண்ணு புரசவாக்கம்."

"மூன்றை ஒரே நாளில் ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?"

"எல்லாரும் அப்படித்தான் பண்றா."

"அப்படியானால் நான் உள்ளே போய் உட்கார்ந்து பதிலைச் சொல்கிறேன்."

எதிர்க்கட்சி வக்கீல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நீங்கள் உள்ளே போனால் சாட்சி யார், வக்கீல் யாரென்று நாங்கள் எப்படிம்மா கண்டுபிடிப்பது? இவர் இருக்கிறாரே, ஒரே வீட்டு மனுஷர். இவர் சொல்லட்டும்."

அவர் கைகாட்டிய மனுஷர், பத்திரம் வைத்திருக்கும் அதே அண்ணன். இந்த வழக்கின் பிரதிவாதி.

கமிஷனர் மறுப்பார் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்தார். "இதுதான் ப்ராக்டிஸ், மாமி. உறவுக்காரா சொல்லணும்னுதான் வழக்கம். எந்த உறவுன்னு எங்கேயும் எழுதலை." என் ஆட்சேபணையை எழுதச் சொன்னேன். இடம் இருந்தால் கடைசியில் எழுதுவதாகச் சொன்னார்.

திரைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெயர், வயது, கணவர் இறந்த வருஷம் என்று தொடங்கினேன். அவையெல்லாம் ஒழுங்காகவே வந்தன. பிறகு கேட்டேன்: "ரேகை வைக்குமுன் இந்தக் காகிதத்தை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா?"

உள்ளிருந்து மெல்லிய குரலில், ஆனால் தெளிவாகப் பதில் வந்தது. "யாரும் படிக்கல. வரி கட்டற காயிதம்னு சொன்னாரு. வெச்சேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஞாபகம் இல்லேன்னு சொல்றாங்க. கை மட்டும் வெச்சாங்களாம்."

கமிஷனர் எழுதினார்: ஞாபகம் இல்லை. ரேகை வைத்தேன்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை. என் காதால் கேட்டேன்."

"நீங்கள் வக்கீல். சாட்சி இல்லை" என்றார் எதிர்க்கட்சி வக்கீல்.

"எனக்குக் குரலே கேக்கலை, மாமி. கேக்காததை எப்படி எழுதறது?" என்றார் கமிஷனர்.

"கேட்காததைத்தானே இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் எழுதிய வரி எழுதிய வரியாகவே இருந்தது. அதே கேள்வியை இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு வார்த்தை, வெளியே வேறு வார்த்தை. கடைசியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கும் கட்டம் வந்தது. மை டப்பாவையும் காகிதத்தையும் திரைக்குள் நீட்டியதும் அதே அண்ணன்தான். இன்னொரு காகிதம், அதே கை.

நான் எழுந்து நின்றேன். திரையைப் பார்த்து, "அம்மா, கை வைக்காதீங்க. நீங்க சொன்னது இதுல இல்ல" என்றேன்.

காகிதம் திரும்பி வந்தது. ரேகை இல்லை. "சாட்சியின் வக்கீல் தூண்டியதால் சாட்சி கையொப்பமிட மறுத்தார்" என்று கமிஷனர் எழுதினார். அதற்கு மட்டும் இடம் தாராளமாக இருந்தது. நாளை காலை கோர்ட்டு கூடியதும் அறிக்கையைத் தாக்கல் செய்வதாகச் சொல்லிவிட்டுத் திருவல்லிக்கேணிக்குக் கிளம்பினார்.

ஆண்கள் போனபின் நான் உள்ளே போனேன். என் கட்சிக்காரர் பாயில் உட்கார்ந்திருந்தார். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. "நான் இன்னா சொன்னேன், அவரு இன்னா சொன்னாரு, கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன்."

"எங்க முறைல அவரும் எனக்கு அந்நியருதான். இத்தினி வருசம் ஒரே வீட்ல கீறேன், அவரு முன்னாடி முக்காடு எடுத்ததில்ல. அவருக்கு மட்டும் என் பேச்சு கேக்கலாமாம், ஜட்ஜிக்குக் கேக்கக் கூடாதாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோஷா எனக்கா, உங்க கோர்ட்டுக்கா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அந்தத் திரைக்கு ஒரு மரியாதை உண்டு. அது அவர் விரும்பி வைத்துக்கொண்டது. அதைத் தங்கள் அவசரத்துக்கும் சோம்பலுக்கும் மறைப்பாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள், சட்டம் படித்த எங்கள் ஆட்கள்.

மாலை விளக்கு வைக்குமுன் மனுவை டைப் அடித்து முடித்தேன். பிரதிவாதி வாயால் வந்த வாக்குமூலத்தைத் தள்ளவேண்டும்; திரைக்கு உள்ளே போகக்கூடிய ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக நியமித்து மறுபடி விசாரிக்கவேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதிகள். என் குமாஸ்தா பிரதிகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னாம்மா, பேரு இருக்கற எடம் காலியா கீது?"

"போடவேண்டும்."

"யார் பேரை? நீங்க நம்ம கட்சி வக்கீல், நீங்க ஆவாது. பொம்பள கமிஷனர் கேட்டா, ஜட்ஜி ‘எங்க கீறாங்க, காட்டு’ம்பாரு. யாரைக் காட்டுவீங்க? சொல்லுங்க, நான் போய்க் கூட்டியாறேன்."

காட்ட ஒருத்தி இருந்தாள். சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவள், என்னைவிடச் சின்னவள், என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் வக்கீல் கவுன் போட்டார்கள். அன்று ஒரு பெரியவர் எங்களை நிற்கவைத்து, தொழிலில் முன்னேற வழி சொன்னார்: "கோர்ட்டு வராந்தாவில் நின்று கஷ்டப்படாதீர்கள். வீட்டிலிருந்தபடியே பத்திரம், மனு எழுதிக் கொடுங்கள். அதுதான் பெண்களுக்குக் கௌரவம்." நான் காதில் வாங்கவில்லை. அவள் வாங்கினாள். இத்தனை வருஷமாக அவள் எழுதும் மனுக்கள் வக்கீலான அவள் கணவரின் கையெழுத்தோடு கோர்ட்டுக்கு வருகின்றன. "உன் ஆத்துக்காரர் டிராஃப்டிங்கில் புலி" என்று அவளிடமே சொல்கிறார்கள். இதை எழுதும்போதும் என் பேனா அழுத்துகிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக, காபிக்குக்கூட நிற்காமல், மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் தியாகராய நகருக்குப் போனேன். அவள் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குக் கோர்ட்டு வாசப்படி எந்தப் பக்கம்னே மறந்து போச்சு, அக்கா."

"படியை நான் காட்டறேன்."

"ஆத்துல சொல்லணுமே."

"சொல்லிண்டே கிளம்பு. பதினோரு மணிக்கு அறிக்கை வரது. ஜட்ஜ் கேட்டா நீ அங்கே நிக்கணும்."

கோலப் பொடி ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த அம்மா தமிழ்லயே பதில் சொல்வாளா, உருது கலந்தா? நடுவில யாரும் இல்லாம எனக்கு நேராப் புரியணும்" என்றாள்.

பேனாவைத் திறந்தேன். ஜட்காவின் பலகையில் காகிதத்தை வைத்து, மூன்று பிரதிகளிலும் காலியாக விட்டிருந்த இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.