பேருந்தில் வந்த வாசகி

நூலகவியல் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பெல்லாம் கைபேசியில்தான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர். கச்சிராயபாளையத்தில் நான், ரிஷிவந்தியத்தில் ஒரு தம்பி, கல்வராயன் மலையில் ஒரு தங்கை. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் அவள் எந்தப் பாறைமேல் ஏறினால் டவர் கிடைக்கும் என்பது வரை எனக்குத் தெரியும்.

செய்முறைத் தேர்வு வந்தது. நூலகத்துக்கு வருகிறவர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்றாக இருக்கும். நூலகர் நாலு கேள்வி திருப்பிக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் முன்னால் ஆன்லைனில் இதை நடத்திக் காட்ட வேண்டும். நான் வாசகி, தங்கை நூலகர், தேடி எடுப்பது தம்பி. கரும்பைப் பற்றி நான் கேட்பதாக வசனமெல்லாம் நானே எழுதினேன். பிரமாதமாக எழுதியிருந்தேன், வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு விதி இருந்தது. பாதியில் இணைப்பை விட்டு வெளியேறினால் மதிப்பெண் கிடையாது, மறுபடி அடுத்த வருடம்தான். தங்கைக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. "இந்த வாட்டி முடிக்கலன்னா படிச்சது போதும்னு வூட்ல சொல்லிட்டாங்கக்கா" என்று அழுதிருக்கிறாள்.

அதனால் அன்று டவர் நன்றாகக் கிடைக்கும் என் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன். முதல் பஸ் வரவேயில்லை. அடுத்த பஸ்ஸில் அவள் மலையிறங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முதல் பஸ் மட்டும் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. நல்லவேளை, டவர் கிடைக்கும் ஒரு வளைவில் எதிரே லாரி வந்து பஸ் நின்றது. தங்கையின் முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது. நான் கரும்பை ஆரம்பித்தேன்.

மேடம் நிறுத்தினார். "மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறீங்க. அவங்களுக்குத் தெரியாத கேள்வியாக் கேளுங்க."

நான் வசனம் எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போது தங்கையின் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் குனிந்து திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எது கேட்டாலும் புக்கு எடுத்துக் குடுப்பீங்களா? ஆட்டுக்கு வர்ற சீக்குக்கு எதுனா புக்கு இருக்குதா?"

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்க ஆட்டுக்கு இன்னாக்கா ஆச்சு?"

"ரெண்டு செத்துப்போச்சு. அதான் மருந்து வாங்க கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கினு இருக்கேன்."

"சாவறதுக்கு மின்ன எங்க மேஞ்சுது?"

"மரவள்ளி புடுங்கின கொல்லைல. தழை நெறைய கெடந்துது, வயிறு முட்டத் தின்னுச்சு."

தம்பி அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டான். நானும் தேடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்ததில்லை. அவன் ஒரு கால்நடைக் கையேட்டை எடுத்துப் போட்டான், நான் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பச்சை மரவள்ளித் தழையை ஆடு நிறையத் தின்றால் விஷம். தங்கை அதை வாய்விட்டுப் படித்தாள். நாங்கள் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்துகொண்டு ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டோம்!

மேடம் மதிப்பெண் போடப் பேனாவை எடுத்தார். அப்போது தங்கை இன்னொரு கேள்வி கேட்டாள். "மத்த ஆடுங்க இப்ப எங்கக்கா?"

அந்த அம்மாளின் முகம் மாறியது. "ஐயோ, எங்க வூட்டுக்காரரு அதே கொல்லைக்குத்தான ஓட்டிக்கினு போவாரு. போனு அவருகிட்டதான் இருக்குது, எங்கிட்ட இல்லியே."

லாரி நகர்ந்துவிட்டது. பஸ் உறுமியது. அடுத்த வளைவில் டவர் போய்விடும். தங்கையின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டால் தேர்வு இணைப்பு அறுந்துவிடும். ஒரு நொடி திரையைப் பார்த்தாள்.

"நம்பரச் சொல்லுங்கக்கா" என்றாள். அவள் முகம் மறைந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் பாஸ். "மேடம், அவ வேணும்னு போகல" என்று ஆரம்பித்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த குழுவைக் கூப்பிடவும் இல்லை. எல்லோரும் காத்திருந்தோம்.

கோமுகி அணைப் பக்கம் வந்தபிறகுதான் அவள் மறுபடி இணைந்தாள். "மன்னிச்சிக்கங்க மேடம், நடுவுல கட் பண்ணிட்டேன்."

"ஆடு என்னாச்சு?" என்றார் மேடம்.

"கொல்லை வாசல்ல நிறுத்திட்டாராம் மேடம். எல்லாத்தையும் வூட்டுக்கு ஓட்டிக்கினு போறாராம்."

மேடம் பேனாவை மறுபடி எடுத்தார். "நீங்க எங்கயும் போகலம்மா. வாசகர் கூடத்தான் இருந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே மதிப்பெண்ணை எழுதினார்.